மழை நாளுக்கு வைத்த வகுப்பு

ஏட்டி சுபி,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "வீட்டுக்குள்ள ஏட்டி, ரோட்டுல சுபிதா" என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டவள் நீ. இந்தக் கடிதம் ரோட்டில் வைத்து எழுதுகிற கடிதம்தான், நாலு பேர் படிப்பார்கள். ஆனாலும் வேறு விதமாகக் கூப்பிட வாய் வரவில்லை. பொறுத்துக்கொள்.

முதலில் ஆதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் கேட்பாய். எல்.கே.ஜி.க்கு அழாமல் போகிறாள். உன் ஹெல்மெட்டை யாருக்கும் தருவதில்லை. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் சோறு தின்கிறாள். கண் தெரியாமல் குழம்பை நெஞ்சில் ஊற்றிக்கொள்கிறாள். கழற்றச் சொன்னால், "அம்மைக்க மணம் இருக்குப்பா" என்கிறாள். நான் மறுபடியும் சொல்வதில்லை.

எனக்கு என்ன என்று கேட்டால், எனக்கு ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. பல் வலிக்கு ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, மூன்று மாதமாக அப்படி இருக்கிறேன். காலையில் பைக்கை எடுக்கிறேன், ஆதியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன், குலசேகரம் தாண்டி அதே ரப்பர் பேக்டரிக்குப் போகிறேன். ஆமாம், இன்னும் அங்கேதான். அதே மேசை, அதே நாற்காலி. சுவரில் நான் ஒட்டிய 'பாதுகாப்பே முதலில்' போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை விசாரணை. அதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

பேக்டரி ஆய்வாளர் முன்னால் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். 'இறந்த தொழிலாளிக்கு அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முறையாக அளிக்கப்பட்டது. அதைப் பின்பற்றாத அவரது கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' இவ்வளவுதான். கீழே, பயிற்சியாளர் என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குமேல் என் பெயர் வர வேண்டும்.

அந்தப் பயிற்சி நடக்கவில்லை என்று தெரிந்தவர்களில் நீ இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பதில் முதல் ஆள் நான்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை? ஆயுதபூஜை முடிந்து மிஷின்களில் சந்தனமும் குங்குமமும் காயாமல் இருந்தது. புதிதாக எட்டுப் பெண்கள். ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக நின்று ஆதார் நகல், பாங்க் புத்தக நகல், போட்டோ எல்லாம் கொடுத்தீர்கள். அப்புறம் நான் நீளமான ரெஜிஸ்டரை நீட்டினேன். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன் என்று எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். நீ பேனாவை வாங்கும்போது மெதுவாகக் கேட்டாய்.

"பெற்றேன்னு போட்டிருக்கு. எப்பம் பெற்றேன் அத்தான்?"

"பொறவு சொல்லித் தருவேன், இப்பம் போடு. பால் வந்தாச்சு."

உன் பின்னால் நின்ற விஜி சிரித்தாள். "சேப்டி சாரையே கட்டிக்கிட்டவளுக்கு என்னத்துக்குட்டி பயிற்சி? உனக்குத் தெனமும் வீட்டுல வகுப்புல்லா." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்து, கையெழுத்துப் போட்டாய்.

பால் வந்தாச்சு. அங்கே எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். தோட்டத்தில் விடிகாலையில் வெட்டிய ரப்பர் பால் பத்து மணிக்குள் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். வைத்திருந்தால் உறைந்துவிடும். அதனால் வகுப்பெல்லாம் மழை நாளுக்கு. மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள், பால் வராது, ஆட்கள் சும்மா இருப்பார்கள், அன்றைக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரலாம். நான் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஐப்பசியில் மழைக்கா பஞ்சம் என்று நானும் நினைத்தேன்.

கத்தாரில் சேப்டி வேலையில் இருந்தபோது எப்படி இருந்தேன் என்று உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் வெயிலில் பத்து நிமிஷம் பேசாமல் ஒரு ஆளைக்கூட உள்ளே விடமாட்டேன். இந்தி, மலையாளம், கை ஜாடை எல்லாம் கலந்து பேசுவேன். புதிதாக வந்தவனைத் தனியாக நிறுத்தி, "நீ இப்ப என்ன செய்வே, செய்து காட்டு" என்பேன். ஒருவன் தவறாகக் காட்டினால் அவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. யாரென்றே தெரியாத ஆட்களுக்கு அதைச் செய்தவன், என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருகிறவளுக்கு ஏன் செய்யவில்லை?

பதினோரு நாள் நீ வேலைக்கு வந்தாய். பதினோரு நாளும் மழை இல்லை.

அந்தப் பதினோரு நாளைப் போல நாம் சந்தோஷமாக இருந்தது குறைவு. காலையில் ஆதியை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பைக்கில். கேட்டுக்கு நூறடி முன்னாலேயே இறங்கிவிடுவாய். "உள்ள நீங்க சார், நான் தொழிலாளி. ஒண்ணா வந்தா அவளுவ பேச்சு நிக்காது." மத்தியானம் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தின்பாய். நான் கடந்து போனால் தெரியாத ஆளைப் போல எழுந்து நின்று, "வணக்கம் சேப்டி சார்" என்பாய். விஜி புரையேறிச் சிரிப்பாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நீ வீட்டில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாய். நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அந்த ரோலர் பக்கத்துல தூணுல செகப்பு பட்டன் ஒண்ணு இருக்கே, பொட்டெல்லாம் வச்சு மாலையும் போட்டு. அது என்னத்துக்கு?"

"நாளைக்குச் சொல்லுதேன்."

"அதுக்குள்ள ஏதும் சாமி இருக்கா?"

"ம்."

நீ சிரித்தாய். உங்கள் வீட்டில் அய்யாவழி, சிலை கும்பிடுவதில்லை. எங்கள் பேக்டரியில் மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் பொட்டு வைப்பது உனக்கு வேடிக்கையாக இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னவன் மறுநாள் மறந்துவிட்டேன். நீயும் அப்புறம் கேட்கவில்லை.

அந்தப் பட்டனில் பொட்டு வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், சுபி. பூஜைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவனே நான்தான். மேனேஜர் சார் ஒவ்வொரு மிஷினாகச் சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டு வந்தார். தூணுக்கு வந்ததும் பட்டனிலும் வைத்தார், மேல் ஆணியில் செவ்வந்தி மாலையைப் போட்டார். 'சார், அதில் வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். பூஜை நேரத்தில் வேண்டாம் என்கிற சொல்லைச் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழக்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா. விழுங்கிவிட்டேன். நாளைக்குத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். பூஜையில் வைத்ததைத் துடைக்கவும் கை வரவில்லை. தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளை நான் விரிவாக எழுதப் போவதில்லை. பதினொன்றே கால் மணி இருக்கும். தரை ஈரம். ஆசிட் விட்டுப் பாளமாக உறையவைத்த பாலை ரோலருக்குள் தள்ளும்போது உன் ஷாலின் நுனி ஏப்ரனுக்கு வெளியே வந்து ரோலரில் சிக்கியிருக்கிறது. ஷாலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரோலர் பக்கம் போக வேண்டும் என்பது என் வகுப்பில் முதல் பாடம். இரண்டாவது பாடம் அந்தப் பட்டன்.

விஜி உனக்கு எதிரே நின்றாள். பட்டன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஆபீசுக்கு ஓடிவந்தாள். "அண்ணே, சுபி" என்று மட்டும் சொன்னாள். நான் ஓடிவந்து உள்ளங்கையால் பட்டனை அறைந்தேன். ரோலர் நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆசுபத்திரியில் பேப்பரில் கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன். என் உள்ளங்கையில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது.

பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, நான் டேப் எடுத்துப்போய் அளந்தேன். படித்த படிப்பு அப்படி, சுபி, வேறு எப்படி அழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. விஜி நின்ற இடத்திலிருந்து பட்டனுக்கு இரண்டடி. ஆபீசுக்கு நாற்பத்திரண்டு காலடி. மிஷினை ஓடவிட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். அரைச் சுற்றில் நிற்கிறது. மறுபடியும் ஓடவிட்டேன், அழுத்தினேன். அரைச் சுற்று. எத்தனை தடவை என்று தெரியாது. வாட்ச்மேன் வந்து, "போதும் சார்" என்று தோளைத் தொட்டபிறகு நிறுத்தினேன்.

மேனேஜர் சாரைக் கெட்டவர் என்று நினைக்காதே. அன்றைக்கு ஆம்புலன்சில் என்னோடு ஏறியவர் அவர். பதினாறாம் நாள் வரை வீட்டுக்கு வந்துபோனார். போன வாரம் கதவைச் சாத்திவிட்டு, அந்தத் தாளை என் முன்னால் வைத்துப் பேசினார்.

"அனீஷ், நான் உன் நல்லதுக்குச் சொல்லுதேன். ரெஜிஸ்டர்ல அவ கையெழுத்து இருக்கு, பயிற்சி கொடுத்தவன்னு உன் கையெழுத்தும் இருக்கு. கொடுக்கல்லன்னு சொன்னா மொதல்ல யாரப் புடிப்பாங்க? பொய் ரெஜிஸ்டர் எழுதினவனத்தான். உன் சர்டிபிகேட் போகும். பொறவு எவன் உனக்கு வேலை தருவான்? கேசாயிட்டுன்னா வெளிநாட்டுக்கும் போக முடியாது."

பேனாவைத் திறந்து தாளின்மேல் வைத்தார்.

"பிள்ளைக்கு அம்மை இல்ல. அப்பனும் வேண்டாமா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீ சொல்லேன். ஐந்து நாளாகத் தேடுகிறேன்.

கையெழுத்துப் போட்டால், கவனக்குறைவால் செத்தவள் என்று உன் பெயரில் எழுதுகிற கை என் கை. போடாவிட்டால் ஆதிக்கு யார்? இரண்டு பக்கமும் சுவர். ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் நடக்காதவனைப் போலத் தூங்குகிறேன்.

உன் அப்பா வந்திருந்தார். கீரிப்பாறை பஸ்ஸில் இத்தனை வருஷம் டிரைவராக வளையம் பிடித்தவர், இப்போது தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். நெற்றியில் நாமம் மட்டும் அதே நேராக இருக்கிறது. பேக்டரியிலிருந்து யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மாப்பிள, கவனக்குறைவுன்னு எழுதப் போறாங்களாமே. அப்படீன்னா என்ன?"

"மாமா..."

"அவ அரிவாமணையில ஒருக்காகூடக் கை வெட்டினது கெடையாது. பஸ் நிக்காம எறங்க மாட்டா. மத்த பிள்ளையளுவ சாடும், இவ நிப்பா. அவளுக்கா கவனக்குறைவு?" டம்ளரைக் கீழே வைத்தார். "நீ படிச்சவன். நீ ஆமான்னு சொன்னா நான் ஒத்துக்கிடுதேன். நீ பொய் சொல்ல மாட்டே."

நான், "தேநீர் ஆறுது மாமா" என்றேன். அவர் ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விஜி வந்தாள். உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து அவள் வேலைக்கு வருவதில்லை. சமையலறை வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஆதி ஹெல்மெட்டோடு வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அண்ணே, ஆபீசருட்ட நான் பயந்துட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். அது உள்ளது இல்ல."

"பின்ன?"

"எனக்குக் கை போச்சு அண்ணே. பட்டன் வரைக்கும் கை போச்சு." அவள் ஆதியின் காதை ஹெல்மெட்டோடு சேர்த்துப் பொத்தினாள். "பொட்டப் பாத்தேன். எனக்கு அன்னைக்கு வீட்டுக்குத் தூரம். பூசையில வச்சத அந்த நேரத்துல எப்படித் தொட? கை தானா நின்னுட்டு. அது மிஷின நிறுத்துற சாமானம்னு எனக்குத் தெரியாது அண்ணே. சத்தியமாத் தெரியாது. ஏதோ பூசைக்குள்ளதுன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா தீட்டாவது மண்ணாவது."

உதட்டில் மரப்பு விட்டுப்போகும்போது முதலில் வலிதான் வரும் என்பார்களே, அது அப்போது வந்தது.

"நான் தொட்டிருந்தா அவ இருப்பாளா அண்ணே? நீங்க உள்ளதச் சொல்லணும்."

அரைச் சுற்று. எனக்கு விடை தெரியும், சுபி. டேப் வைத்து அளந்தவன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? அதே சமயம், ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"நீ தொடாதது உன் தப்பு இல்ல. அது என்னன்னு நான் உனக்குச் சொல்லித் தரல்ல. உனக்கும் சொல்லித் தரல்ல, அவளுக்கும் சொல்லித் தரல்ல. எட்டுப் பேருக்கும் சொல்லித் தரல்ல."

மூன்று மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சமையலறை வாசலில், ஒரு பெண்ணிடம்.

விஜி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரெஜிஸ்டர்ல நானும் போட்டிருக்கேனே அண்ணே, பெற்றேன்னு."

"நான் போடச் சொன்னேன், நீ போட்டே."

"அப்பம் வியாழக்கிழமை இத அவங்களுட்டயும் சொல்லுவியளா?"

நான் ஆதியைத் தூக்கிக்கொண்டேன். விஜி செருப்பு மாட்டும்போதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வளைவு தாண்டும் வரை நின்றேன்.

அன்றைக்கு நல்ல மழை. மறுநாள் பால் வராது. மேனேஜர் சார் போன் பண்ணினார். "புதுசா ஆறு பேரு சேர்ந்திருக்கு. நாளைக்கு வகுப்ப வச்சிரு. ஆய்வாளர் வர்றதுக்கு முன்ன நடந்த மாதிரி இருக்கட்டும்."

வைத்தேன், சுபி. ஆறு பேரும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் உன் வயசு, ஒருத்தி உன்னைப் போலவே ஷாலை இடுப்பில் சுற்றி முடிந்திருந்தாள். ரெஜிஸ்டரை மூடி வைத்தேன். அவர்களைத் தூணுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன். பட்டனில் குங்குமம் இன்னும் ஒரு வட்டமாக இருந்தது. ஈரத் துணி எடுத்துத் துடைத்தேன். ஒருத்தி நாக்கைக் கடித்தாள்.

"சார், தெய்வக் குத்தம் வராதா?"

"வந்தா எனக்கு வரட்டும். பொட்டு வைக்கணும்னா அந்தா, தூணுல வைங்க. மாலையும் அங்கேயே. இதுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

ஒவ்வொருத்தியையும் வரச்சொன்னேன். மிஷினை ஓடவிட்டு அழுத்தச் சொன்னேன். முதல் பெண் ஒற்றை விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "அப்படி இல்ல மக்கா, அடி." அடித்தாள். நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா சார்?"

இவ்வளவுதான். ஆறு பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறேன் என்று கேட்பாய். நான் பயந்தவன், சுபி. பூஜைத் தட்டோடு நின்று ஒரு சொல்லை விழுங்கியவன். வியாழக்கிழமை அந்த அறையில், அந்த நாற்காலியில், மேனேஜர் சார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆதி முகம் ஞாபகத்துக்கு வந்தால் மறுபடியும் விழுங்கிவிடுவேன். எனக்கே தெரிகிறது. அதனால் முதலில் இதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறேன். உன் அப்பா படிப்பார். விஜி படிப்பாள். அப்புறம் நான் நினைத்தாலும் திரும்பிப்போக வழி இருக்காது. இரண்டு பக்கமும் சுவர் என்றேனே, பின்னால் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. அதை நானே சாத்துகிறேன்.

ஆதிக்கு என்ன செய்வேன்? தெரியாது. என் அக்காவிடம் பேசியிருக்கிறேன். மற்றபடி தெரியாது. உன்னிடம் தைரியமாக இருப்பதைப் போல நடிக்க முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சாளை மீன் அலசும்போது கேட்டாயே. நாளைக்குச் சொல்கிறேன் என்றேனே.

அந்தச் சிவப்புப் பட்டன் மிஷினை நிறுத்துவதற்கு. அதற்குள் சாமி இல்லை. யார் வேண்டுமானாலும் தொடலாம், எந்த நாளிலும் தொடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், சேப்டி சாரைக் கூப்பிட ஓட வேண்டாம். விரலால் அல்ல, உள்ளங்கையால். பால் வீணாகும் என்று யோசிக்கக் கூடாது. ஷாலைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு ஏப்ரனைப் பின்னால் இறுக்கிக் கட்ட வேண்டும். யார் என்ன சொன்னாலும். புரிந்ததா, ஏட்டி? இப்போது நீ செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

வியாழக்கிழமை காலையில் அந்தத் தாளில் என் பெயர் வராது. ரெஜிஸ்டரில் உன் பெயருக்கு நேரே, 'பயிற்சி அளிக்கப்படவில்லை' என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கு மழை பெய்தாலும் சரி, வெயில் அடித்தாலும் சரி.

உன்னிடம் ஒரு வகுப்பு பாக்கி வைத்திருக்கிற,
உன் அத்தான்,
ஆதிக்க அப்பா